நான் ‘இல்லை’ என்று போட்ட கட்டம்

என்னைப் பேச அழைத்தபோது உங்கள் மேலாளர் ஒரு வேண்டுகோள் வைத்தார். “கொஞ்சம் ஊக்கமூட்டுற மாதிரி பேசுங்கக்கா.” ஊக்கம் வேண்டுமென்றால் கீழே கேன்டீனில் கோப்பி இருக்கிறது, போய்க் குடியுங்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில் இருபத்தொன்பது வருடம் அடுத்தவர் நெஞ்சில் வயர் ஒட்டி, பிய்த்து, அந்த நெஞ்சு முடியோடு சேர்த்துத் திட்டும் வாங்கியவள் நான். என்னிடம் இருப்பதெல்லாம் நான் செய்த தப்புகள்தான். அவற்றில் நல்ல தரமான ஒன்றை இன்று கொண்டு வந்திருக்கிறேன்.

ஏஎஃப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. இதயத்தின் மேலறை ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கும். இரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் ஆளுக்குப் பக்கவாதம். எப்போதும் நடுங்கிக்கொண்டே இருந்தால் நமக்கு வேலை சுலபம். வந்து வந்து போகும் ரகம்தான் வம்பு. நாம் வயர் மாட்டியதும், இன்ஸ்பெக்டர் நுழைந்த வகுப்பு மாதிரி கைகட்டி உட்கார்ந்திருக்கும். கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தினால் பெஞ்சு மேல் ஏறி ஆடும்.

அதைப் பிடிக்க நாங்கள் திண்டாடிய சமயத்தில்தான் எங்கள் நரம்பியல் டாக்டர் ஒரு கணிப்பு முறையைக் கொண்டுவந்தார். நல்ல மனிதர், என்னைவிட இருபது வயது சின்னவர், கம்ப்யூட்டர் மேல் அளவில்லாத பக்தி. பக்கவாதத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு கேள்வி. வயது என்ன, இரத்த அழுத்தம் உண்டா, மேலறை எவ்வளவு பெருத்திருக்கிறது, படபடப்பு வருமா, இப்படி. பதில் போட்டால் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் வரும். சிவப்பு என்றால் மறைந்திருக்கும் ஏஎஃப் இருக்கலாம். இரண்டு வாரம் நெஞ்சில் ஒட்டியிருக்கும் பேட்ச் கருவி கிடைக்கும். பச்சை என்றால் ஒரே ஒரு நாள் ஹோல்டர் கருவி, அப்புறம் ஆஸ்பிரின், வீடு.

எல்லாருக்கும் பேட்ச் ஒட்டினால் என்ன என்று கேட்பீர்கள். எங்களிடம் இருந்தது இரண்டே இரண்டு. கணிப்பு என்பதே கருவி போதாத இடத்தில்தானே பிறக்கிறது.

கேள்விகளில் பாதியை டாக்டர் நிரப்புவார், மீதியை நான். அந்தத் திரைக்கு ஒரு கெட்ட குணம். ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டில் ஒன்றை அழுத்தாமல் அடுத்த பக்கம் போகவே போகாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

ஒரு திங்கட்கிழமை தெய்வானை டீச்சர் வந்தார். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயது, கெலுகோரில் வீடு. செட்டிநாட்டுக் குடும்பம். பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருந்தது, பேச்சும் போயிருந்தது. நாம் சொல்வது புரிகிறது, வாய் மட்டும் வரவில்லை. முழுவதும் போகவில்லை என்பதுதான் கூத்து. ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது.

“சனியனே.”

இப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். யோசித்துப் பேசும் பேச்சு போய்விடும், வசவு மட்டும் பிழைத்துக் கிடக்கும். ஆனால் டீச்சரின் கணவர் வள்ளியப்பனுக்கு இது தெரியாதே. மிருதுவான மனிதர், சட்டைக் கைப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். நர்ஸ் சாப்பாடு கொண்டுவந்தால் “சனியனே”, டாக்டர் கும்பிட்டால் “சனியனே”, பக்கத்துக் கோயில் ஐயர் திருநீறு கொண்டுவந்தார், அவருக்கும் “சனியனே”. ஒவ்வொரு தடவையும் வள்ளியப்பன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பார்.

“சத்தியமா சொல்றேன் மிஸ்ஸி, முப்பத்தெட்டு வருஷத்துல இந்த வார்த்தைய இவங்க வாயில நான் கேட்டதே இல்ல” என்றார் என்னிடம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மனசுக்குள்ள நெனச்சிருப்பாங்க போல” என்றார்.

நான் சிரித்துக்கொண்டே கணினியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். என் பங்குக் கேள்விகளில் படபடப்பும் ஒன்று. “டீச்சர், நெஞ்சு எப்பவாவது படபடன்னு அடிச்சுக்குமா?” என்று கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்து, “சனியனே” என்றார். எனக்கு இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். ‘இல்லை’யை அழுத்தினேன்.

பச்சை வந்தது. முதல் நாள் மானிட்டர் சுத்தம், மறுநாள் ஹோல்டரும் சுத்தம். கழுத்து இரத்தக்குழாயில் லேசாகக் கொழுப்பு படிந்திருந்தது. டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். காரணம் கிடைத்துவிட்டது, ஆஸ்பிரின், வியாழக்கிழமை வீடு.

பக்கத்துக் கட்டிலில் ஜமீலா அக்கா இருந்தார். ஆயர் ஈத்தாமில் மீ கோரெங் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவருக்கும் பக்கவாதம்தான், இடது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். வாய்க்கு ஒரு குறையும் இல்லை. திரையில் அவருக்கு வந்தது பளிச்சென்ற சிவப்பு. பேட்ச் ஒட்டியிருந்தோம், அரிக்கிறது என்று வார்டுக்கே கேட்கும்படி புகார் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு பேட்ச் வேறு வார்டில் ஒருவர் மேல் இருந்தது.

புதன்கிழமை நான் டீச்சரின் ஹோல்டரைக் கழற்றி முடித்தபோது ஜமீலா அக்கா என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கையை ஆட்டினார்.

“மிஸ்ஸி, டீச்சரம்மா ரெண்டு தினுசா திட்டுறாங்க, கவனிச்சியா?”

“ஒரே வார்த்தைதானேக்கா இருக்கு. அதுல என்ன ரெண்டு தினுசு?”

“கேளு லா. ஒண்ணு, ஆள் மூஞ்சியப் பாத்துத் திட்டுறது. அது எல்லாருக்கும். இன்னொண்ணு, யாருமே எதிர்ல இருக்க மாட்டாங்க. எடது கைய நெஞ்சுல வச்சிக்கிட்டு செவுத்தப் பாத்துத் திட்டுவாங்க. மெதுவா. திங்கக்கெழம அந்த மானிட்டர கழட்டுனப்புறம் ரெண்டு தடவ. நீ அந்தப் பெட்டிய மாட்டியிருந்தப்ப ஒண்ணுமே இல்ல.”

நான் சொன்ன பதிலை உங்களிடம் மறைக்கவில்லை. “அக்கா, நீங்க எப்ப கார்டியாலஜிஸ்ட் ஆனீங்க?” என்றேன். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. “மீ பெரட்டுறவளுக்கும் கண்ணு இருக்கு லா” என்று சொல்லிவிட்டு நெஞ்சைச் சொறிந்துகொண்டார்.

வியாழக்கிழமை காலை ஜமீலா அக்காவின் பேட்ச் ஓரம் பிரிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். குனிந்து அதை அழுத்திக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால், மெல்லிய குரலில், “சனியனே.”

திரும்பினேன். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. இடது உள்ளங்கை நெஞ்சில் பதிந்திருந்தது. நெற்றியில் வேர்வை. நான் போய் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஒரு கணக்கில் இல்லை. வேகமாக நாலு, நிறுத்தம், இரண்டு, நீண்ட நிறுத்தம், மறுபடி தடதடவென்று ஐந்தாறு. இத்தனை வருடத்தில் என் விரல் ஆயிரம் தடவை பார்த்த நாடி அது.

என் வயதையும் இடுப்பையும் மறந்து ஓடினேன். இசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, சட்டையைத் தளர்த்தி, பத்து வயரையும் ஒட்டி, பொத்தானை அழுத்தினேன். காகிதத்தில் பாடப்புத்தகத்தில் அச்சடிக்கலாம் போல ஒரு துடிப்பு வந்தது. இடைவெளி பிசகாமல், அணிவகுப்பு மாதிரி. டீச்சர் கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சலிப்பு இருந்தது. இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்கிற சலிப்பு.

டாக்டரிடம் போனேன். காகிதத்தைப் பார்த்தார். “அக்கா, இது நார்மல்.”

“இதுக்கு முன்னால நார்மல் இல்ல டாக்டர். நான் நாடி பிடிச்சேன்.”

“ஒங்க விரல ஃபைல்ல போட முடியாதே. முப்பது செகண்ட் ரெக்கார்டிங் இருந்தா கொடுங்க, மருந்த மாத்துறேன். இரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மருந்து, சந்தேகத்துக்குக் கொடுத்து மூளையில இரத்தம் கசிஞ்சா யார் பதில் சொல்றது? அதோட ஸ்கோரும் பச்சைதான்க்கா.”

“ஸ்கோர் தப்பு” என்றேன்.

“எப்படித் தப்பு?”

என் மேல் எந்தப் பழியும் வராமல் சொல்ல நாலைந்து வழி இருந்தது. நோயாளி இப்போதுதான் அறிகுறி காட்டினார் என்று சொல்லலாம். திரை பழுது என்று சொல்லலாம். கம்ப்யூட்டரின் மேல் பழி போட்டால் அது எதிர்த்துப் பேசாது என்பது உங்களுக்கும் தெரியும்.

“படபடப்பு இல்லன்னு நான்தான் போட்டேன். அவங்க இல்லன்னு சொல்லல. அவங்களால எதுவுமே சொல்ல முடியல. நான் அவசரத்துல இல்லன்னு அழுத்திட்டேன்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பேட்ச் இல்ல. பெட்டுக்கு இன்னொரு பேஷன்ட் வராங்க. புருஷன் கூட்டிட்டுப் போக கெரேத்தாவ ஓட்டிட்டு வர்ற வரைக்கும்தான் டைம்” என்றார். பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டே, “அதுவரைக்கும் ஒங்க மெஷின் அங்கயே இருக்கட்டும்” என்றார்.

வயர்கள் டீச்சர் மேலேயே இருந்தன. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தேன்.

அன்றைக்கென்று அவர் மகா சாந்தமாகிவிட்டார். நர்ஸ் மாத்திரை கொடுத்தார், வாங்கி விழுங்கினார். துப்புரவு செய்பவர் வாளியைக் கட்டிலில் மோதினார், புன்னகை செய்தார். சாப்பாடு வந்தது, கஞ்சி உப்பில்லாமல் இருந்திருக்கும், எப்போதும் அப்படித்தான், அதையும் பொறுத்துக்கொண்டார். என் சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் மெஷின் திரையைப் பார்ப்பதும் அவர் கையைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

“நான் வேணா டீச்சரம்மாவ ஏதாவது சொல்லிக் கெளப்பி விடவா?” என்றார் ஜமீலா அக்கா.

“அந்தத் திட்டு வேண்டாம்க்கா. மத்த திட்டு வேணும்.”

“அப்ப இத கழட்டி அவங்களுக்கு ஒட்டு லா. எனக்கு அரிப்பாவது நிக்கும்.”

“அது முடியாதுக்கா.”

“எல்லாத்துக்கும் முடியாது. என்ன ஆஸ்பத்திரி இது.”

வள்ளியப்பன் வந்துவிட்டார். கையில் துணிப்பை, சக்கர நாற்காலி தள்ள ஒரு பணியாளர். என்ன நடக்கிறது என்று கேட்டார், சொன்னேன். மூன்று நாளாக அந்த ஒரு சொல்லுக்காக ஊர் பூராவும் மன்னிப்புக் கேட்ட மனிதர், பையைத் தரையில் வைத்துவிட்டு மனைவியின் கால்மாட்டில் நின்று கும்பிட்டார்.

“தெய்வான, ஒரு தடவ சொல்லும்மா.”

டீச்சர் பாவம், அவரை அன்பாகப் பார்த்தார்.

வார்டு சிஸ்டர் இரண்டாவது தடவை வந்து எட்டிப் பார்த்தார். இனி நிற்க முடியாது. நெஞ்சிலிருந்த ஆறு வயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கை கால் வயர்கள் மட்டும் பாக்கி. வலது கை வயரை எடுக்கப் போனபோது டீச்சரின் இடது கை மெல்ல மேலே ஏறியது. நெஞ்சில் அமர்ந்தது. கண்கள் சுவர்ப் பக்கம் போயின.

அவர் வாய் திறக்கும் முன்பே நான் பொத்தானை அழுத்திவிட்டேன். தாளத்தைக் காட்ட கை கால் வயர் போதும் என்பது உங்களுக்குத் தெரியும். காகிதம் வந்தது. அதில் எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றாக இல்லை. நடுவில் இருக்க வேண்டிய சின்ன அலைகள் ஒன்றையும் காணோம், வெறும் நடுக்கம். நான் விரலை எடுக்கவே இல்லை. காகிதம் கட்டிலைத் தாண்டித் தரையில் இறங்கிச் சுருண்டது. ஜமீலா அக்கா எழுந்து உட்கார்ந்து, “பதினஞ்சு, பதினாறு” என்று சத்தமாக நொடி எண்ண ஆரம்பித்தார். எங்கே தொடங்கினார் என்று கேட்காதீர்கள். வள்ளியப்பன் அழுதுகொண்டிருந்தார். எண்பது நொடி ஓடியது.

காகிதத்தைச் சுருட்டி டாக்டர் மேசையில் வைத்தேன். அவர் முழுவதையும் பிரித்துப் பார்த்தார். மருந்து மாறியது. டீச்சர் வீட்டுக்குப் போவதும் ஒரு நாள் தள்ளிப்போனது. பின்னால் அவருக்குப் பேச்சு பாதிக்கு மேல் திரும்பியது. ஆறு மாதம் கழித்துக் கிளினிக்கில் என்னைப் பார்த்து, நான் எழுதிக் கொடுத்த தமிழ்ச் சீட்டில் ஒற்றுப்பிழை இருக்கிறது என்றார். ஜமீலா அக்காவின் பேட்ச் இரண்டு வாரம் முழுக்க ஓடியது. அவ்வளவு சிவப்புக்கு அதில் ஒன்றுமே இல்லை.

இத்தோடு நிறுத்தினால் நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அன்று மாலை டாக்டர் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

“அக்கா, பேச முடியாத பேஷன்ட்டுக்கு இதுக்கு முன்னால எத்தன தடவ ‘இல்ல’ போட்டீங்க?”

பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். ஏழு பேர். அத்தனையும் பச்சை.

“காலியா விட முடியாத மாதிரி வச்சது நான்தான்” என்றார் அவர். “நீங்க மட்டும் இல்ல.” நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன். மறுநாளே ‘தெரியவில்லை’ என்று மூன்றாவது கட்டம் வந்தது. ஆனால் அந்த ஏழு பேருக்கும் போன் பண்ண வேண்டியது நான்தான். ஆறு பேரை மறுபடி வரவழைத்தோம். ஏழாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் இருக்கும் மாரிமுத்து அண்ணனின் மனைவி. அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். எங்களிடமிருந்து ஆஸ்பிரினோடு போனவருக்கு, ஐந்து வாரத்தில் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்திருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இப்போது வீட்டில் படுக்கையில் இருந்தார்.

ஜமீலா அக்காவிடமிருந்து பேட்ச் வந்ததும் நானே எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போகிறேன் என்றேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, போகிற இடத்தில் ‘தவறு’ என்ற சொல்லைச் சொல்ல வேண்டாம், ‘மறு பரிசீலனை’ என்று சொல்லுங்கள் என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

சின்ன வீடு, நன்றாகப் பெருக்கிய வாசல். அந்த அக்கா பெயர் சிவகாமி. ஒல்லியான பெண்மணி, ஒருக்களித்துப் படுத்திருந்த கணவருக்கு முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு இப்போது விழிப்பு மட்டும்தான். பேட்சை ஒட்டினேன். ஒட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே சொன்னேன்.

“அக்கா, மொத தடவ அங்க வந்தப்ப அண்ணனுக்கு இதை ஒட்டியிருக்கணும். நெஞ்சு படபடப்பு இருக்கான்னு ஒரு கேள்வி. அவரால பதில் சொல்ல முடியல. நான் இல்லன்னு எழுதிட்டேன். அது என் தப்பு. அப்ப ஒட்டியிருந்தா இது வந்திருக்காதுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா ஒட்டியிருக்கணும்.”

அவர் பவுடர் டப்பாவை மூடினார். கத்துவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“அவரு கிட்ட கேட்டீங்க” என்றார்.

“ஆமாக்கா.”

“நானும் அங்கதானே நின்னேன். தலமாட்டுல. அவரு சட்டைய கையில புடிச்சிக்கிட்டு. ரெண்டு வருஷமா ராத்திரியில நெஞ்சப் புடிச்சிக்கிட்டு எந்திரிச்சி ஒக்காருவாரு. லோரிய ஓரத்துல நிப்பாட்டிட்டு, அடங்கட்டும்னு ஒக்காந்திருப்பேன்னு சொல்வாரு. எல்லாம் எனக்குத் தெரியும். யாராவது கேப்பாங்கன்னுதான் நின்னேன். நீங்க என்னத் தாண்டிப் போய் அவருகிட்ட கேட்டுட்டு, பெட்டியத் தள்ளிக்கிட்டுப் போயிட்டீங்க.”

எனக்கு அவரை அன்று பார்த்த ஞாபகமே இல்லை.

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து எனக்கு எதிரில் போட்டார். பையிலிருந்து பேனாவையும் தாளையும் எடுத்தேன். “எப்பயிருந்துக்கா?” என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த வருடம் தொடங்கியது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும், என்ன செய்தால் அடங்கும், அவர் மட்டுமே கவனித்த எல்லாம். இரண்டு பக்கம் வந்தது.